54 மில்லிமீட்டர் சிப்பாய்

கொலுவுல உங்க ஃபேவரைட் படி எது? சுண்டல் கிண்ணம் இருக்கிற படின்னு சொல்றவங்க கையைக் கீழே போடுங்க. எனக்கு எப்பவும் கடைசிப் படிதான். மேல சாமிங்க எல்லாம் கம்பீரமா உட்கார்ந்திருக்க, கீழ்ப்படியில மட்டும் ஒரு ஜனநாயகம் நடந்துட்டிருக்கும். செட்டியார் கடை, கல்யாண செட், கிரிக்கெட் டீம், பேண்டு வாத்தியம், பக்கத்துல தலையாட்டி பொம்மை. அந்தக் கும்பல்ல சில பழைய வீடுகள்ல மட்டும் ஒரு ஆள் நிப்பார். சுண்டு விரல் உயரம். சிவப்பு கோட்டு. எந்த செட்டுலயும் சேராதவர். 'யாருங்க இவரு?'ன்னு கேட்டா, 'அது பழசு, ரொம்ப நாளா இருக்கு'ன்னு பதில் வரும்.

இந்த வாரம் அந்த ஆளைப் பத்திதான் பேசப் போறோம்.

கையில எடுத்துப் பாருங்க. சில்லுன்னு, சைஸுக்குக் கொஞ்சம் கூடுதல் கனமா இருந்தா அது ஈயம். (எடுத்து முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க. விளையாட்டுக்குச் சொல்லல.) தலையில, தொப்பி உச்சியில ஒரு குட்டி ஓட்டை தெரியுதா? அப்போ உங்க வீட்டு ஆள் உள்ள காலி. நம்ம பெரியவங்க சில பேர் நம்மளைப் பத்தி சொல்றதுதான், ஆனா இவர் விஷயத்துல அது பெருமை!

கதை 1893-ல லண்டன்ல ஆரம்பிக்குது. 'பிரிட்டன்ஸ்'னு ஒரு பொம்மைக் கம்பெனி. நாட்டுப் பேர் இல்லீங்க, அது அந்தக் குடும்பத்தோட பேர். அதுவரைக்கும் பொம்மை சோல்ஜர் மார்க்கெட்ல ஜெர்மன்காரங்கதான் சூப்பர் ஸ்டார். அவங்க செஞ்ச முழு உருவ பொம்மைங்க உள்ளயும் வெளியவும் ஈயம்தான். வில்லியம் பிரிட்டன் ஜூனியர் என்ன பண்ணார்னா, உள்ள இருக்கிற ஈயத்தை வெளியே கொட்டிட்டார்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது அல்வா மேட்டர். மத்தவங்களுக்கு நம்ம கேன்டீன் போண்டா உதாரணம். வெளிய வெந்திருக்கும், உள்ள மாவா கொழகொழன்னு இருக்கும், தெரியும்ல? அந்த மாவை மட்டும் ஒரு ஓட்டை வழியா வடிச்சிட்டா வெறும் கூடு மிஞ்சும். அதுதான் டெக்னிக். ரெண்டு பாதியா இருக்கிற உலோக அச்சுல, ஈயத்தோட கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து உருக்கி ஊத்தணும். அச்சைத் தொடுற உலோகம்தான் முதல்ல இறுகும். அந்த நொடி பார்த்து அச்சைக் கவுத்தா, நடுவுல உருகி நிக்கிறது வெளியே வந்துடும். ஓசூர் சிப்காட் பக்கம் இன்-பிளான்ட் ட்ரெய்னிங் போனவங்க அலுமினியம் டை காஸ்டிங் பார்த்திருப்பீங்க. அங்க பிரஷர், வால்வு, டைமர் எல்லாம் மெஷின் பார்த்துக்கும். இங்க எல்லாமே மணிக்கட்டு வேலை. ரெண்டு செகண்டு லேட்டானா பொம்மை கெட்டியாயிடும், சீக்கிரம் கவுத்தா கை கால் இல்லாம வரும்.

ஈயம் கம்மி, அதனால விலையும் கம்மி. காலாட்படைன்னா 8 பேர், குதிரைப்படைன்னா 5 பேர், ஒரு பெட்டி 1 ஷில்லிங். 1898-க்கு அப்புறம் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ்னு ரேட் இருந்ததால, நம்ம கணக்குல 12 அணா. உயரத்தையும் கிட்டத்தட்ட 54 மில்லிமீட்டர்னு வச்சாங்க. அன்னிக்கு வித்துக்கிட்டிருந்த பெரிய சைஸ் பொம்மை ரயிலோட நின்னா பொருத்தமா இருக்கணும்கிறது கணக்கு. அந்த 54 இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா ஸ்டாண்டர்டு. 1913-ல ஹெச்.ஜி. வெல்ஸ் (டைம் மெஷின் எழுதினாரே, அவரேதான்) இந்தப் பொம்மைங்களை வச்சு தரையில படுத்துக்கிட்டு யுத்தம் விளையாடுறதுக்கு ரூல்ஸ் எழுதி 'லிட்டில் வார்ஸ்'னு புக்காவே போட்டார். ராத்திரி பூரா ஹாஸ்டல் ரூம்ல ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுற கண்மணிகளே, உங்க கொள்ளுத்தாத்தா அவர்தான்.

சரி, வெள்ளைக்காரப் பையன் விளையாடின பொம்மைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு. பிரிட்டன்ஸ் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் குடுத்தாங்க. 1-ம் நம்பர் ராணியோட லைஃப் கார்ட்ஸ். 47-ம் நம்பர் ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ், மஞ்சள் கோட்டு போட்ட இந்தியக் குதிரைப்படை. 67-ம் நம்பர் என்ன தெரியுமா? மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி! தமிழும் தெலுங்கும் பேசின நம்ம ஆளுங்க, தலைப்பாகையோட, துப்பாக்கியோட, லண்டன் கடை ஷெல்ஃப்ல.

நான் இருக்கிற பேரிகைக்கு இந்த மெட்ராஸ் ஆர்மி ரொம்பத் தெரிஞ்ச கூட்டம். (ஊர்ப் பேரோட அர்த்தமே போர் முரசு. இதுக்கு மேல என்ன வேணும்?) 1791 ஜூலையில கார்ன்வாலிஸ் சேனை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடிச்சது திப்புகிட்டேர்ந்துதான். அதே வருஷம் நவம்பர்ல கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில ஏறப் பார்த்து அடி வாங்கித் திரும்பினதும் அவங்கதான். அந்தச் சேனையில நடந்த சிப்பாய்ங்க யாருக்கும் நம்ம பாடப் புத்தகத்துல பேர் கிடையாது. நூறு வருஷம் கழிச்சு அவங்க வாரிசுங்களுக்கு ஒரு பெட்டி நம்பராவது கிடைச்சுது.

இனிமேல்தான் மேட்டர். ஒரு பழைய பொம்மையை எப்படி அடையாளம் கண்டுபிடிச்சு கேட்டலாக் போடுறது? லேப் ரெக்கார்டு எழுதுறதை விட இது சுவாரஸ்யம், சத்தியமா.

முதல்ல பேர். பெட்டி மேல இருக்கிற பேரை வச்சு வயசு சொல்லலாம்னு தோணும். பாதி சரி. மெட்ராஸ் முதல் ரெஜிமெண்டோட கதையைப் பாருங்க. 1758-ல ஆரம்பிச்ச படை அது. 1903-ல கிச்னர் இந்திய ராணுவத்துக்கே புதுசா ரோல் நம்பர் போட்டப்ப '61-வது பயனியர்ஸ்' ஆச்சு. 1922-ல மறுபடி பேர் மாத்தம். 1933-ல கலைச்சே விட்டாங்க. அப்போ, ஒரு பெட்டியில புதுப் பேர் இருந்தா அந்த வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது இல்லைன்னு அடிச்சு சொல்லலாம். பழைய பேர் இருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது. ஏன்னா ராணுவம் பேர் மாத்தினதும் ஓடிப்போய் லேபிள் மாத்தணும்னு பொம்மைக்காரருக்கு என்ன தலையெழுத்து? பெங்களூருன்னு மாறி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பேங்களூர் பேக்கரின்னு போர்டு இருக்குல்ல, அந்த மாதிரி.

அடுத்தது அடிப்பக்கம். பாதத்தைத் திருப்பிப் பாருங்க, குதிரையா இருந்தா வயித்துக்குக் கீழே. ரொம்ப ஆரம்பகால பொம்மைங்கள்ல ஒண்ணும் இருக்காது. அப்புறம் மத்த கம்பெனிக்காரங்க அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிக்க ஆரம்பிச்சாங்க. பிரிட்டன்ஸ் கோர்ட்டுக்குப் போனாங்க. 1902-ல ஒரு கேஸ்ல, குதிரை மேல உட்கார்ந்திருக்கிற பொம்மை சோல்ஜரும் சிற்பம்தான், அதனால காப்பிரைட் உண்டுன்னு தீர்ப்பு வந்துச்சு. இது சும்மா பழைய கதை இல்லை. ஸ்டார் வார்ஸ் படத்துல வர்ற வெள்ளை ஹெல்மெட் சிற்பமா இல்லையான்னு இங்கிலாந்துல ஒரு பெரிய கேஸ் நடந்து, 2011-ல அங்கத்திய சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், சிற்பம் இல்லைன்னு முடிஞ்சுதே, அந்த கேஸ் நடந்தப்பவும் இந்தப் பொம்மைத் தீர்ப்பைத் தேடி எடுத்துப் புரட்டினாங்க.

அந்தக் காப்பிரைட் சண்டையாலதான் பாதத்துக்கு அடியில முதல்ல காகித லேபிள், அப்புறம் அச்சுலயே எழுத்து, தேதி எல்லாம் வந்துச்சு. இதுல ஒரு பொறி இருக்கு. '1901'னு இருந்தா 1901-ல செஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. அந்த அச்சுக்கு உரிமை பதிவு பண்ணின தேதி அது. அதே அச்சுல பல வருஷம் கழிச்சும் ஊத்தியிருப்பாங்க. 'லிமிடெட்'ங்கிற வார்த்தை இருந்தா 1907-க்கு அப்புறம், ஏன்னா கம்பெனி லிமிடெட் ஆனதே அந்த வருஷம். பாதம் ஓவலா இருந்தா முந்தினது, செவ்வகமா இருந்தா பிந்தினது. வெள்ளைக்கார சோல்ஜரா இருந்தா மீசையையும் பாருங்க. பிரிட்டிஷ் ஆர்மியில 1916 வரைக்கும் மேல் உதட்டை ஷேவ் பண்ணக் கூடாதுன்னு ரூலே உண்டு. பொம்மைங்க அதுக்கு அப்புறமும் ரொம்ப நாள் மீசையோட திரிஞ்சுட்டு, பிற்பாடுதான் மழிச்சுக்கிட்டாங்க. இப்படி ஒவ்வொரு துப்பையும் வச்சு செட் செட்டா தேதி போட்டு வச்சவர் ஜேம்ஸ் ஓப்பிங்கிற இங்கிலாந்துக்காரர். 1985-லயும் 1993-லயும் வந்த அவரோட புத்தகங்கள்தான் இந்த ஃபீல்டுக்கு டெக்ஸ்ட் புக்.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். பெயின்ட்.

கம்பெனிக்கு அச்சு செய்யறது காஸ்ட்லியான வேலை. அதனால ஒரே அச்சுல ஒரு உடம்பை ஊத்துவாங்க. தலைப்பாகைக்கு ஒரு கலர், காலருக்கும் கைப்பட்டிக்கும் ஒரு கலர், கால்சட்டைக்கு ஒரு கலர்னு மாத்தினா வேற ரெஜிமெண்ட். அதே முகம், அதே நடை. பிரஷ் மாறினா ஆள் மாறிடுவார். அந்த பிரஷ்ஷைப் பிடிச்சது முழுக்க பெண்கள். எனாமல் டப்பாவை முன்னால வச்சுக்கிட்டு, வரிசையா நிக்கிற பொம்மைங்களுக்கு ஒருத்தர் கோட்டு, ஒருத்தர் முகம்னு போட்டுட்டே போவாங்க. எத்தனை ஊர் சிப்பாயா இருந்தாலும் இந்தியன்னா முகத்துக்கு ஒரே பிரவுன்தான். அந்த ஒரு டப்பா பிரவுன் எனக்கு எப்பவும் கொஞ்சம் உறுத்தும்.

ஆக, காலர்ல இருக்கிற ஒரு மில்லிமீட்டர் கலர்தான் அவரோட ஐடி கார்டு. அது போச்சுன்னா அவர் மெட்ராஸா பாம்பேயான்னு யாராலயும் சொல்ல முடியாது.

இந்த இடத்துலதான் எங்க ஊர் அவ்வாவோட பிஸ்கட் டப்பா வருது. அவ்வான்னா பாட்டி. எங்க பார்டர்ல ஒரு வாக்கியத்துல மூணு மொழி பேசுவோம், கண்டுக்காதீங்க. ஃப்ரெண்டோட அவ்வா, வயசு எண்பதைத் தாண்டியாச்சு. கொலு டப்பாவுல அவங்க வச்சிருக்கிறது ரெண்டு பேர். ஒருத்தர் கரடித் தொப்பி போட்ட வெள்ளைக்கார கார்டு. இன்னொருத்தர் தலைப்பாகை கட்டின சிவப்பு கோட்டு, வலது கை இல்லை. அடியில படிச்சா பிரிட்டன்ஸ் லிமிடெட், காப்பிரைட், மேட் இன் இங்கிலாந்து. எல்லாம் சரியா இருக்கு!

காலேஜ் லேப்ல பழகின வெர்னியர் எதுக்கு இருக்கு? உயரம், பாதத்தோட நீளம் அகலம், கை உடைஞ்ச இடம் எல்லாம் அளந்து ஒரு கார்டு போட்டேன். கோட்டு முன்பக்கம் வெளுத்து ரோஸ் ஆயிடுச்சு. ஆனா இடது கைக்குக் கீழே, அக்குள்ல, வெளிச்சமே படாத இடத்துல பளீர்னு ரத்தச் சிவப்பு. பழைய பொம்மையில முதல்ல பார்க்க வேண்டிய இடமே அதுதான், ஒரிஜினல் கலர் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். கழுத்துப் பட்டையில ஒரு பக்கம் மட்டும் ஒரு கீற்று வெளிறின கலர். மீதி தேய்ஞ்சு போச்சு. அதனால கார்டுல ரெஜிமெண்ட்ங்கிற கட்டத்துல 'இந்தியக் காலாட்படை'ன்னு மட்டும் போட்டுட்டு நிறுத்திக்கிட்டேன். 67-ம் நம்பர்னு எழுத கை பரபரத்துச்சு. எழுதக் கூடாது. கேட்டலாக்ல ஆசைக்கு இடம் இல்லை. பின்னாடி வர்றவங்க நம்ம ஆசையை உண்மைன்னு நம்பிடுவாங்க.

கார்டுல கடைசிக் கட்டம், 'எப்படி வந்தது?'. அதை எந்த வெர்னியராலயும் நிரப்ப முடியாது.

"எங்க மாமனார் கோலார் தங்கவயல்ல துரை பங்களாவுல தோட்டக்காரர் சாமி" - அவ்வா ஆரம்பிச்சாங்க. பேரிகையிலிருந்து மாலூர், பங்காருபேட்டை வழியா போனா கே.ஜி.எஃப். 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி தோண்ட ஆரம்பிச்ச இடம். நம்ம பழைய சேலம் ஜில்லாவுலயிருந்தும் வட ஆற்காட்டுலயிருந்தும் சனங்க கூட்டம் கூட்டமா போய் பூமிக்குள்ள இறங்கின இடம். மேல துரைங்களுக்கு கிளப்பு, கோல்ஃப் மைதானம், பங்களா, தோட்டம். "துரைசானி ஊருக்குக் கிளம்பினப்ப பிள்ளைங்க விளையாட்டுச் சாமான் ஒரு கூடை குடுத்துச்சாம். மத்ததெல்லாம் எங்க வூட்டுக்காரரும் அவரு தம்பிங்களும் உடைச்சாச்சு. இது ரெண்டுதான் மிச்சம்."

எந்த வருஷம் அவ்வா? அது ஞாபகம் இல்லை. சுரங்கத்தை சர்க்கார் எடுத்துக்கறதுக்கு முன்னாடியான்னு கேட்டேன். "அதுக்கு முன்னாடிதான், அப்ப இன்னும் துரைங்க இருந்தாங்க"ன்னாங்க. மைசூர் அரசாங்கம் சுரங்கத்தை எடுத்துக்கிட்டது 1956. அடியில 'லிமிடெட்', அதனால 1907-க்குப் பிறகு. ஆக ரெண்டு முனையும் கிடைச்சிருச்சு. ஒரு முனை ஈயத்துல இருக்கு. இன்னொரு முனை அவ்வா வாயில இருக்கு. 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தையே மூடிட்டாங்க. அந்தப் பங்களாவுங்களைப் பார்த்தவங்களும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. உண்மையைச் சொன்னா பொம்மையை அடுத்த வருஷம் கூட அளந்துக்கலாம், அது எங்கயும் ஓடிப் போகாது.

பக்கத்துலயே பெங்களூருல ஒரு சுவையான ஆதாரம் இருக்கு. வின்ஸ்டன் சர்ச்சில் சின்ன வயசுல கிட்டத்தட்ட 1,500 பொம்மை சோல்ஜர் வச்சிருந்தார். என் வாழ்க்கையை ராணுவம் பக்கம் திருப்பினதே அதுங்கதான்னு பிற்பாடு அவரே எழுதினார். 1896-ல நிஜ லெப்டினன்ட்டா வந்து இறங்கினது பெங்களூர் கன்டோன்மென்ட்ல. அந்த 1,500 பொம்மை இன்னிக்குப் பேச்சுலதான் இருக்கு. ஆனா அவர் பெங்களூரு கிளப்புக்கு பாக்கி வச்ச 13 ரூபாய் மட்டும் 1899-ம் வருஷ லெட்ஜர்ல இன்னும் பத்திரமா இருக்கு! நம்ம கேன்டீன் அண்ணன் அக்கவுன்ட் நோட்டையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க, கதிகலங்கும்.

கார்டு முடிஞ்சுது, கிளம்பலாம்னு பார்த்தா அலமாரி மேல ஒரு புது எனாமல் பெயின்ட் டப்பா. சிவப்பு. வர்ற நவராத்திரிக்கு சிப்பாய்க்குப் புதுக் கோட்டு அடிக்கப் போறாங்களாம்!

எனக்குப் பகீர்னுச்சு. வேண்டாம் அவ்வா, கலர் போச்சுன்னா இவர் யாருன்னே தெரியாதுன்னு விளக்கினேன். அவ்வா பொறுமையாக் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டாங்க: "சாமிக்கு முன்னாடி நிக்கிறவன் வெளுத்துப்போன சட்டையோட நிக்கலாமாப்பா?"

அதுக்கு என்கிட்ட சட்டுனு பதில் இல்லை. ஏன்னா அவங்க சொல்றது தப்பே இல்லை. கொலு பொம்மைக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ணம் பூசுறது நம்ம வழக்கம். அது அக்கறை. அய்யனார் கோயில் குதிரைக்குப் பூசுறோம், கோபுரத்துக்குப் பூசுறோம். பழசை அழுக்காவே வச்சிருக்கிறதுதான் மரியாதைங்கிறது மியூசியத்துக்காரங்க பழக்கம். நம்ம வீட்டுல புதுசா வச்சிருக்கிறதுதான் மரியாதை. இதுல யாரையும் முட்டாள்னு சொல்லிட முடியாது.

ஆனா அழிஞ்சா அழிஞ்சதுதான். எங்க ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் நடுகல் நிறைய. வில்லோட, வாளோட நிக்கிற வீரன், அவர் யாரு, எந்த ராஜா காலம், எந்தச் சண்டையில, யாரோட மாட்டை மீட்கப் போய் செத்தாருன்னு எழுத்துள்ள கற்கள்ல மேலேயே வெட்டியிருக்கும். கேட்டலாக் கார்டோடவே பிறந்த சோல்ஜர் அவர்! 1972-ல இரா. நாகசாமி பதிப்பிச்ச 'செங்கம் நடுகற்கள்' புத்தகத்தைப் புரட்டினீங்கன்னா, அந்த நாலு வரிக்குள்ள எவ்வளவு தகவல் இருக்குன்னு தெரியும். அந்தக் கல்லுங்கள்லயும் பல இடத்துல எண்ணெயும் சுண்ணாம்பும் பெயின்ட்டும் ஏறி ஏறி எழுத்து மூடிப் போச்சு. பூசினவங்க பக்தியாத்தான் பூசினாங்க.

பெயின்ட் எவ்வளவு பேசும்கிறதுக்கு இன்னொரு சாட்சி தஞ்சாவூர். 1800-கள்ல அங்கத்திய ஓவியர்கள் கம்பெனி ஆட்களுக்காக வரைஞ்ச படங்கள்ல மெட்ராஸ் சிப்பாயும் அவர் மனைவியும் ஜோடியா நிப்பாங்க. பட்டன், பெல்ட், தொப்பி, அந்தம்மாவோட சேலை பார்டர் எல்லாம் துல்லியமா இருக்கும். அந்தக் கால யூனிஃபார்ம் எப்படி இருந்துச்சுன்னு தேடுறவங்க இன்னிக்கும் அந்தப் படங்களைத்தான் எடுத்துப் பார்க்கிறாங்க. லண்டன்ல போட்ட ஒரே டப்பா பிரவுன் மாதிரி இல்லாம, நம்ம ஓவியர் ஆளுக்கு ஆள் முகம் மாத்தியிருப்பார். நேர்ல பார்த்தவர் ஆச்சே.

ரிப்பேரே பண்ணக் கூடாதான்னு கேட்டா, பண்ணலாம், பண்ணினதை எழுதி வைக்கணும். திப்புவோட புலி தெரியும்ல? சிவப்பு கோட்டு வெள்ளைக்காரன் மேல பாயுற மரப்புலி. 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் லண்டனுக்குப் போனது, இப்போ விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. இரண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்து கூரை இடிஞ்சு அது நூத்துக்கணக்கான துண்டாப் போச்சு. 1947-ல ஒட்டினாங்க. ஒட்டின கதையும் அதோட வரலாறாவே பதிவாகியிருக்கு.

உங்க வீட்டு ஆள் கிடைச்சா சில விஷயம் சொல்றேன், அதோட விட்டுடறேன். பித்தளைக் குத்துவிளக்குக்குத் தேய்க்கிற புளியை இவர்கிட்ட கொண்டு போகாதீங்க. புளிப்புன்னாலே ஈயத்துக்கு எமன். மர அலமாரி, அட்டைப் பெட்டியிலேர்ந்து வர்ற ஆவி கூட மெதுவா அரிக்கும், உடம்புல வெள்ளைப் பொடி பூத்தா அதுதான் நோய். அந்தப் பொடியை ஊதாதீங்க, நச்சு. காத்தாட, ஈரம் இல்லாத இடத்துல வைங்க. குட்டிப் பசங்க கையில குடுக்கவே குடுக்காதீங்க. 1966-ல பிரிட்டன்ஸ் ஈய பொம்மை செய்யறதை நிறுத்தினதுக்கு பிளாஸ்டிக் ஒரு காரணம்னா, ஈயத்தோட விஷம் பத்தின விதிமுறை இன்னொரு காரணம். போன் கேமராவுல முன்னாடி, பின்னாடி, அடிப்பக்கம், அக்குள்னு நாலு படம், பக்கத்துல ஒரு ஸ்கேல். அப்புறம் வீட்டுல வயசானவங்களை உட்கார வச்சு ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. 'எந்த வருஷம்?'னு கேட்டா பதில் வராது. 'அப்ப நீங்க எந்த வீட்டுல இருந்தீங்க, யாருக்கு என்ன வயசு?'ன்னு கேளுங்க. வருஷம் தானா வரும்.

அவ்வா வீட்டுப் பெயின்ட் பிரச்னைக்கு வருவோம். ரெண்டு நாள் கழிச்சுப் போனேன். டப்பா திறக்கல. அவ்வா தையல் கூடையைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. கொலுவுல மரப்பாச்சிக்கு வருஷா வருஷம் புதுத் துணி கட்டுவாங்கல்ல? அதே மாதிரி ஒரு அரக்குச் சிவப்புப் பட்டுத் துணி, ஜாக்கெட் தைச்ச மிச்சம், அளவெடுத்து வெட்டி, கை இல்லாத பக்கமும் மறையுற மாதிரி சிப்பாய்க்கு ஒரு அங்கி. பசை இல்லை, பின்பக்கம் ரெண்டு முடிச்சுதான். அவிழ்த்தா பழைய கோட்டு அப்படியே இருக்கு. பின்னாடி ஒருத்தர் வந்து அவிழ்க்க முடியாத எதையும் பண்ணாதேன்னு மியூசியத்துல பாதுகாப்பு வேலை பார்க்கிறவங்க பாடம் படிச்சுத் தெரிஞ்சுக்கிற ரூல் இது.

கரடித் தொப்பிக்காரருக்கு அங்கி இல்லையான்னு கேட்டேன். "அவனுக்கு எதுக்கு, அவன் கோட்டு நல்லாத்தானே இருக்கு"ன்னுட்டாங்க.

கார்டுல சேர்க்கை விவரம்னு ஒரு கட்டம் உண்டு. அதுல எழுதினேன்: பட்டு அங்கி, கைத்தையல், பேரிகை, உரிமையாளரால் அணிவிக்கப்பட்டது, கழற்றக்கூடியது. அவ்வா எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, ஜரிகையை விட்டுட்டேன்னு சொன்னாங்க. அதையும் சேர்த்தாச்சு.